நாகூரிலிருந்து மிச்சமிருக்கும் வழி

மகனே,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. அது நன்றாக இருப்பதுதான் இப்போது என் வயிற்றெரிச்சல். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகப் போகிறது, இன்னும் எனக்கு அந்த அதிர்ச்சி தெளியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயேதான் நிற்கிறேன். பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் சுரணை வருகிறது. நேற்று மிஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். லிங்கராஜபுரத்தில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தவள் நான், இப்படி ஒரு நாளும் செய்ததில்லை. யாரோ பின்னந்தலையில் ஓங்கி அடித்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. அடித்தவன் நீ.

வந்த கையோடு நீ போய்த் தங்கிவிட்ட தொம்மலூர் ரூமிலிருந்து தினமும் போன் செய்கிறாய். எடுத்ததும் ஒரே கேள்வி, சனிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வருவாயா மாட்டாயா என்று. நான் "ம்" என்கிறேன், வைத்துவிடுகிறேன். வாயைத் திறந்தால் திட்டுதான் வரும் என்று எனக்கே தெரியும். என் திட்டு நடுவிலேயே நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் நீ சிரிக்க முடியாது. ஆரோக்கியம் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன், அவன் வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். சுமாவுக்கும் படித்துக் காட்டு. ஒளிக்க என்ன இருக்கிறது, கோயில் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த கதைதானே. நீ கேட்ட கேள்விக்குப் பதில் கடைசியில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்க்கிறவன் மாதிரி நேராக அங்கே தாவாதே.

உனக்கு நாலு வயதில் வந்த காய்ச்சலில் இருந்துதான் தொடங்க வேண்டும். காய்ச்சல் இறங்கிவிட்டது, கால் எழவில்லை. கட்டிலில் நிற்க வைத்தால் துணி மாதிரித் துவண்டு விழுந்தாய். டாக்டர் பார்க்கலாம் பார்க்கலாம் என்றார், என்னத்தைப் பார்ப்பது என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலோரம் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதா திருவிழா சமயம். காவிச் சட்டை போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, வேளாங்கண்ணிக்குப் போகிற சைக்கிள் கூட்டம் ஒன்று கீழே ரோட்டில் போனது. மற்ற தாய்மார் எல்லாம் பிள்ளையை நடத்திக் கூட்டிவருகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். எனக்கு நடை என்கிற வார்த்தையே வாயில் வரவில்லை, நீ நடக்காமல் கிடந்தாயே. கண்ணுக்கு முன்னால் சைக்கிள் போனது, அதைப் பிடித்துக்கொண்டேன். மாதாவே, இவன் வளர்ந்து சைக்கிள் மிதித்து உன் வாசலுக்கு வருவான், காலை மட்டும் கொடு என்றேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீ சுவரைப் பிடித்து நடந்தாய். கிறிஸ்துமஸுக்குக் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாய், துரத்திப் பிடிக்க முடியவில்லை.

நம் பக்கத்துச் சைக்கிள் யாத்திரைக்கு என்ன கட்டுப்பாடு என்று உனக்குத் தெரியும். நேர்ந்துகொண்டவன் கல்யாணத்துக்கு முன்னால் போய் வந்துவிட வேண்டும். வீட்டு வாசலில் பெடலில் கால் வைத்தால் மாதா வாசல்வரை எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. வழியில் உடம்புக்கு முடியாமல் போனால், அதே இடத்தில் அவன் வீட்டு ஆள் ஒருவர் கொடியை வாங்கிக்கொண்டு மிச்ச வழியை முடிக்கலாம். வீட்டு ஆள் இல்லையென்றால் நேர்ச்சை முறிந்தது என்று அர்த்தம். இதையெல்லாம் எழுதி வைத்தவர் யாருமில்லை, ஆனால் மீறியவரையும் நான் பார்த்ததில்லை. வருஷா வருஷம் உன்னை அனுப்ப நினைப்பேன். பத்தாவது பரீட்சை வந்தது, காலேஜ் வந்தது, அப்பா போய்ச் சேர்ந்தார், பிறகு உனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. மாதா கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே, ஆபீசில் சுமா என்று ஒரு பெண், மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர்கள், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம் என்றாய். குழம்பு வேண்டுமா ரசம் வேண்டுமா என்கிற குரலில் சொன்னாய். என் கையில் இருந்த சோற்றுக் கரண்டி நின்றுவிட்டது. அவர்கள் சாமி வேறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காவிரிக் கலவரம் நடந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும், பெரிய பையன்தானே அப்போது. சுவரில் இருந்த தமிழ் நாள்காட்டியைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். பஸ்ஸில் வாயைத் திறக்காதே, திறந்தால் கன்னடத்தில் திற என்று உனக்குச் சொல்லி அனுப்பினேன். நீ வீடு திரும்பும்வரை வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அந்தப் பெண்ணும் அப்போது பள்ளிக்கூடம்தானே போயிருப்பாள், அவளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாய். ஒரு சம்பந்தமும் இல்லை. பயத்துக்கு அந்த நியாயமெல்லாம் தெரியவில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய். நான் அதைவிடக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். சரிடா, முதலில் மாதா நேர்ச்சையை முடி, சைக்கிளில் வேளாங்கண்ணி போய்விட்டு வா, மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்க ஸ்கூட்டரை எடுக்கிறவன் நீ. ஓசூரைத் தாண்ட மாட்டாய், ஒரு வருஷம் தள்ளிப் போகும், இரண்டு வருஷம் தள்ளிப் போகும், அதற்குள் அந்தப் பெண்ணுக்கு அவர்கள் வீட்டில் வேறு இடம் பார்த்துவிடுவார்கள் என்பது என் திட்டம். நீ எழுந்து போய்க் கை கழுவினாய். அடுத்த வாரம் கியர் சைக்கிள் ஒன்றை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு வந்தது எனக்கு முதல் அதிர்ச்சி. ஞாயிறு விடிந்தால் ஹொஸ்கோட்டை ஏரி, நந்தி மலை என்று போய்விட்டு, முதுகெல்லாம் சேறு தெறிக்க வந்து நின்றாய். சோறு இரண்டு மடங்கு சாப்பிட்டாய். ஓசூரைத் தாண்டிவிடுவாய் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

கிளம்பிய அன்று கோயிலில் காலைப் பூசை முடிந்து, ஃபாதர் உன் சைக்கிளுக்குத் தீர்த்தம் தெளித்தார். கொடியை நானே கட்டினேன். மாமாவின் லக்கேஜ் டெம்போவில் ஸ்டவ், அரிசி, குடம், பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு நானும் அவனும் உன் பின்னாலேயே வந்தோம். ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடிக்க நிறுத்தியபோது, காவிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். ஒல்லி, எடுப்பான பல், வெயிலுக்குத் தலையில் துண்டு. நம் ஏரியாப் பெண் யாரோ என்று நினைத்து நான் சிரிக்கக்கூடச் செய்தேன். நீ போய் அவள் பக்கத்தில் நின்று, அம்மா, இதுதான் சுமா என்றாய். மல்லேஸ்வரத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பி மிதித்தே வந்திருந்தாள். வணக்கம் ஆன்ட்டி என்றாள், நீ சொல்லிக்கொடுத்த தமிழில். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்த வாயை எப்படித் திரும்ப மூடுவது என்று தெரியாமல் தவித்தது எனக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து நான் பார்த்துக்கொண்டு வந்தது அவள் முதுகைத்தான். டெம்போ பின்னால், அவள் நடுவில், நீ முன்னால். சூளகிரி தாண்டி ரோடு சரிந்து சரிந்து கிருஷ்ணகிரிக்கு இறங்குகிறதே, இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைக் குன்றுகள் நிற்க, அங்கே நீ ஹேண்டில்மேல் குனிந்துகொண்டு பறந்துவிட்டாய். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாயா? லாரிகள் உரசிக்கொண்டு போக, அவள் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக இறங்கினாள், விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம்தான், ஆனாலும் வண்டியை அவளுக்கு அணைத்தாற்போல ஓட்டு என்று மாமாவிடம் சொன்னேன். உன் அப்பாவும் இப்படித்தான். கமர்ஷியல் தெருவில் என்னைவிட எப்போதும் நாலு கடை முன்னால் நடப்பார். ஒரு நாள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்து நின்றுகொண்டேன். மனுஷன் பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னோடு பேசிக்கொண்டே போய், பஸ் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார். ஏற்றத்தில் எல்லோரும் கூடத்தான் வருவார்கள், மூச்சு வாங்குகிறதே. இறக்கத்தில்தான் ஆள் விட்டுப்போகும். இதை மட்டும் என் புத்திமதி என்று வைத்துக்கொள், வேறு எதையும் நீ கேட்கப் போவதில்லை.

செங்கம் ரோட்டுப் புளியமரங்களை மறக்க முடியாது. மேலே கிளை கோத்துக்கொண்டு வெயிலே தெரியாமல் வழி போனது. திருவண்ணாமலையில் மலை கண்ணில் பட்டதிலிருந்து, அது பக்கத்தில் வருகிற மாதிரியும் வராத மாதிரியும் ஒரு பகல் முழுக்க ஏமாற்றியது. விழுப்புரம் தாண்டிக் கடலூர் வந்ததும் காற்றே மாறியது, உப்பும் மீனும் கலந்த வாடை, சவுக்குத் தோப்பு, முந்திரிக் காடு. பெங்களூரில் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடந்தவளுக்கு இவ்வளவு ஆகாசம் ஒரே தடவையில் தேவையா என்று இருந்தது. அழகாகத்தான் இருந்தது, ரசிக்க முடியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். திட்டிக்கொண்டே ரசித்தேன். அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை மாமா கையால் கொடுக்கச் சொல்வேன். சோறும் அப்படித்தான். அவள் வாங்கிக்கொண்டு, தாங்க்ஸ் ஆன்ட்டி என்று டெம்போவைப் பார்த்துச் சொல்வாள்.

கொள்ளிடம் பாலத்தில்தான் அவளோடு முதல் வார்த்தை பேசினேன். நீ வழக்கம்போல முன்னால் போய்விட்டாய். அவள் பாலத்தின் நடுவில் இறங்கிச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். நடுவில் வேட்டிக் கரை மாதிரி ஒரு கோடு தண்ணீர், அதில் மாடு நின்றது. என்னவோ ஏதோ என்று நானும் இறங்கிப் போனேன். அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

"ஆன்ட்டி, இதுவும் காவேரிதானா? இவ்ளோதான் வருதா இங்க?"

"ஆமாம்மா. சில வருஷம் இதுவும் இருக்காதாம்."

"எங்க வீட்ல டிவியில நியூஸ் வந்தா கத்துவாங்க ஆன்ட்டி. ஒருத்தர்கூட இத வந்து பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல."

நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். எந்த ஆற்றுக்காக உன்னைப் பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு போகச் சொன்னேனோ, அந்த ஆறு அங்கே முட்டளவுகூட இல்லாமல் கிடந்தது. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். அன்றைக்குத் தயிர்ச்சோற்றை என் கையாலேயே போட்டேன்.

இனி நாகூருக்கு வருகிறேன். தரங்கம்பாடிக் கடலைப் பார்த்துக்கொண்டு, காரைக்கால் வாய்க்கால் வயலெல்லாம் தாண்டி, நாகூரில் காலை டீக்கு நிறுத்தியிருந்தோம். இன்னும் கொஞ்ச வழிதான், மத்தியானத்துக்குள் மாதா வாசலில் இருப்போம் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தான். நீ பெஞ்சிலிருந்து எழுந்தாய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாய்.

"முடியலம்மா. முட்டி மடங்கவே மாட்டேங்குது."

எனக்கு உயிரே போய்விட்டது. நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நேர்ச்சை முறிந்தால் கல்யாணப் பேச்சும் ஒரு வருஷம் தள்ளிப் போகும், நான் போட்ட திட்டம் பலித்தது. ஆனால் அந்த நிமிஷம் எனக்குக் கல்யாணம் நினைவில் இல்லை. துவண்டு விழுந்த நாலு வயசுக் கால்தான் கண்முன் வந்தது. கொடுத்த காலை மாதா திரும்ப எடுத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். இந்தப் பெண்ணைத் தடுப்பதற்காக மாதாவின் பெயரைத் தாழ்ப்பாளாகப் போட்டேனே, அதற்குக் கூலி என் பிள்ளையின் காலில் விடிந்தது என்று நினைத்தேன். மாமா பெரிய வைத்தியன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உனக்குக் கட்டுப் போட்டான். வீட்டு ஆள் யாராவது கொடியை வாங்கினால்தான் உண்டு, நான் வாங்கினால் டெம்போவை யார் ஓட்டுவது என்று வேறு கேட்டான். சுமா உடனே எழுந்தாள்.

"கொடிய என் சைக்கிள்ல கட்டுங்க ஆன்ட்டி. நான் கொண்டு போறேன்."

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது புரிகிறது ஏன் அப்படிப் பார்த்தாய் என்று. அப்போது புரியவில்லை. நான் அவளிடம், நீ எங்கள் வீட்டு ஆள் இல்லையேம்மா என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். கட்டுப்பாட்டில் ஓட்டை விழுந்தால் உன் காலுக்கு ஆகாதே என்கிற பயம். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். சரி, நானே போகிறேன் என்று எழுந்தேன். உன் வாய் பிளந்தது. கல்யாணமான புதிதில் தையல் கம்பெனிக்கு நான் சைக்கிளில்தானே போய் வந்தேன், நீ வயிற்றில் வந்த பிறகு விட்டது. பள்ளிவாசல் தெருப்பக்கம் வாடகைக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தவளும் சுமாதான். சீட்டை இறக்கி, செயினில் புடவை மாட்டாமல் கொசுவத்தை எப்படிச் சொருகுவது என்று சொல்லி, பின்னால் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடியும் வந்தாள். நீ டெம்போவில் காலை நீட்டிக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

நாகப்பட்டினம் தாண்டும்வரை விழுவேன் விழுவேன் என்றே வந்தேன். அதற்கப்புறம் ஒரு பக்கம் சவுக்கும் பனையும், இன்னொரு பக்கம் வயல், கடல் எங்கேயோ இரைந்துகொண்டே கூட வந்தது. காற்று இடப்பக்கமிருந்து தள்ளியது. அந்தப் பெண் காற்று வந்தால் இடப்பக்கம் சரளையில் இறங்கி எனக்கு மறைப்பாக வருவாள், லாரிச் சத்தம் கேட்டால் வலப்பக்கம் வந்துவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. மூச்சு வாங்க ஒரு பனையடியில் இறங்கி நின்றபோது, உனக்கு மாதாமேல் நம்பிக்கை உண்டா என்று கேட்டேன். தெரியவில்லை ஆன்ட்டி, எனக்கு ஒரு நேர்ச்சையும் கிடையாது என்றாள். அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"அவன் தனியா வந்திருந்தா நீங்க அவன மட்டும்தான் பாத்திருப்பீங்க ஆன்ட்டி. என்னையும் கொஞ்சம் பாக்கணும்ல?"

நான் கொசுவத்தைத் திரும்பச் சொருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். கோபுரம் தெரிந்ததும் அழுகை வந்தது. கோயில் ரோட்டு வளைவில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினேன், அந்தக் கால் என்னுடையதாகவே இல்லை. சைக்கிளோடு அப்படியே ரோட்டில் விழுந்தேன். தலை சுற்றியது. எழ முடியாமல் கிடந்தபடி திரும்பிப் பார்க்கிறேன், டெம்போவிலிருந்து நீ குதிக்கிறாய். கட்டுப்போட்ட காலோடு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, ஒரு தேங்காய்க் குவியலைத் தாண்டி, என்னை நோக்கி ஓடி வருகிறாய். எந்தக் காலுக்காக நேர்ந்துகொண்டேனோ அந்தக் கால் என்ன அருமையாக ஓடியது தெரியுமா? ஒரு நொடி எனக்கு அது அற்புதம் என்றே பட்டது. மாதாவே என்று கையைக்கூடக் கூப்பிவிட்டேன். பக்கத்தில் வந்த உன் முகத்தைப் பார்த்த பிறகுதான், திருட்டுப் பயலே, எனக்கு விளங்கியது.

சுமாவுக்கும் அப்போதுதான் விளங்கியது. என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு உன் பக்கம் திரும்பி, "யாக்கோ ஹீகே மாடிதெ?" என்று கேட்டாள். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று அதற்கு மேல் மெதுவாக யாரும் கேட்க முடியாது. நீ தலையைக் குனிந்துகொண்டு, அவளை அனுப்புவாய் என்று நினைத்தேன் அம்மா, அவளும் வீட்டு ஆள்தான் என்று உன் வாயால் வரும் என்று நினைத்தேன், நீயே ஏறிவிடுவாய் என்று யார் கண்டது என்றாய். மாமா டெம்போ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், அதிலிருந்தே தெரிந்தது அவனும் உடந்தை என்று. அதற்கப்புறம் மாதா முன்னால் போய் நின்றேன். நேர்ச்சை முடிந்தது என்று சொல்லவா, முறிந்தது என்று சொல்லவா? பக்கத்தில் சுமா மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றாள். மெழுகு உருகி அவள் உள்ளங்கையில் விழுந்தபோது கையை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன், அந்தக் கை முழுக்கக் கொப்புளம், சில உடைந்து தோல் உரிந்திருந்தது. கிருஷ்ணகிரி இறக்கத்திலிருந்தே அப்படித்தான் மிதித்திருக்கிறாள். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததிலிருந்து நான் குமைந்துகொண்டிருப்பது இதில்தான். நீ என்னை ஏமாற்றினாய் என்பது பெரிசில்லை, பிள்ளைகள் ஏமாற்றாத அம்மா எங்கே இருக்கிறாள். உன் காலுக்கு நேர்ந்த நேர்ச்சையை விளையாட்டுச் சாமானாக எடுத்து வைத்துக்கொண்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம் மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதிக்கும்போது, முதலில் எடுத்து விளையாடியது யாரடி என்று என் மனசே என்னைக் கேட்கிறது. உன்னைத் தடுக்க நான் மாதாவைக் காட்டினேன், என்னை மடக்க நீ மாதாவைக் காட்டினாய். எனக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். பெங்களூரிலிருந்து வேளாங்கண்ணி வாசல்வரை, ஒரு தந்திரமும் இல்லாமல், ஒரு வண்டியிலும் ஏறாமல், நேர்ச்சையே இல்லாமல் மிதித்து வந்தவள் அவள் ஒருத்திதான். இதை நினைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவளைப் போய் நாகூர் டீக்கடையில் வீட்டு ஆள் இல்லை என்று சொன்னேனே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சனிக்கிழமை நான் வருவேன். ஆனால் உன் பக்கம் நிற்க மாட்டேன். மல்லேஸ்வரத்திலிருந்து ஒருத்தரும் வரப் போவதில்லை என்று சுமா போனில் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள், அதனால் எனக்கு அழுகை வந்தது. பெண் வீட்டு ஆளாகக் கையெழுத்துப் போட ஒருத்தர் வேண்டுமே, அதை நான் போடுகிறேன். உன் பக்கத்துக்கு மாமா போடட்டும், கூட்டுக் களவாணிகள் இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள். நேர்ச்சை விஷயத்தையும் மாதாவிடம் பேசி முடித்துவிட்டேன், கல்யாணத்துக்கு முன்னால் என்கிற கட்டுப்பாட்டை மட்டும் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டேன். நான் மிதித்தது என்னோடது. உன்னுடையது நாகூர் டீக்கடை பெஞ்சில் அப்படியே நிற்கிறது. அடுத்த திருவிழாவுக்கு அங்கிருந்து கொடியைக் கட்டிக்கொண்டு மிச்சத்தை மிதிக்கிறாய். டெம்போ கிடையாது, கட்டும் கிடையாது. நானும் சுமாவும் கூட வருவோம்.

மறுபடியும் சொல்கிறேன், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சனிக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்துக் காரியம் சாதிக்கலாம் என்று நினைக்காதே. சுமாவிடம் மட்டும் ஒன்று சொல். இரண்டு இடது கை வைத்துத் தைத்தேன் என்றேனே, அது அவளுடைய கல்யாண ரவிக்கை. பிரித்துச் சரியாகத் தைத்துவிட்டேன். அளவு கேட்கவில்லையே என்று அவள் யோசிப்பாள். ஓசூரிலிருந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதானே வந்தேன், எனக்கு அளவு தெரியும். கையை மட்டும் கொஞ்சம் தளர்வாக வைத்திருக்கிறேன், சைக்கிள் ஓட்டுகிற பெண்ணுக்குத் தோளில் பிடிக்கக் கூடாது.

அம்மா